சாட்சியைப் பார்க்காத நீதிமன்றம்: குற்ற வழக்குகளில் மேல்முறையீடு

(நாகூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

குற்ற வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் அதிகாரம் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சட்டப் புத்தகத்தில் இது ஓர் அத்தியாயம். சென்னையிலோ தில்லியிலோ பேசினால் பிரிவு எண்களிலிருந்து தொடங்கியிருப்பேன். இந்த மாவட்டத்தில் அப்படித் தொடங்க மனம் வரவில்லை. மேல்முறையீடு என்ற சொல் இங்குள்ள மக்கள் நெஞ்சில் தைத்தது கீழ்வெண்மணி வழக்கில். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு. அப்போது இதெல்லாம் கிழக்குத் தஞ்சை. கூலி உயர்வு, வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்வது, செங்கொடிச் சங்கத்தை விட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்குப் பணிவது என்று பல மாதங்களாக வளர்ந்த தகராறு அன்று இரவு வெண்மணிச் சேரியில் தீயாக மூண்டது. உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒடுங்கியவர்களை வைத்தே குடிசை கொளுத்தப்பட்டது. மாண்டவர்கள் 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். எல்லோரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். பிறகு அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி பற்றிய கதை அது. நான் பேச வந்தது வழக்கின் கதை.

இரண்டு வழக்குகள் நடந்தன. அன்று மாலை நிலக்கிழார்கள் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். அந்த வழக்கில் தொழிலாளர் தரப்பினர் தண்டிக்கப்பட்டார்கள். தீ வைத்த வழக்கில் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட 23 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 1970இல் நாகப்பட்டினத்தில் செஷன்ஸ் நீதிமன்றம் நாயுடுவையும் வேறு சிலரையும் குற்றவாளிகள் என்று கண்டு பத்தாண்டுச் சிறை விதித்தது. 44 உயிருக்குப் பத்து ஆண்டா என்று அன்றே கேட்டார்கள். அந்தப் பத்து ஆண்டும் நிற்கவில்லை. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

அந்தத் தீர்ப்பில் ஊரறிந்த ஒரு பகுதி உண்டு. குற்றம் சாட்டப்பட்ட 23 பேருமே மிராசுதார்களாக இருப்பது வியப்பளிக்கிறது என்று நீதிமன்றம் கருதியது. ஏராளமான நிலமும், அவர்களில் ஒருவர் காரும் வைத்திருக்கும் நிலையில், வேலையாட்களை ஏவாமல் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அதன் வாதம். நேரில் பார்த்ததாகச் சொன்ன சாட்சிகளின் பேச்சைவிட, பணக்காரர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்ற ஊகம் அங்கே கனத்துவிட்டது.

உயர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்று மாணவர்கள் கேட்பார்கள். இருந்தது. முழுமையாக இருந்தது. என் கேள்வி, அந்த அதிகாரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பது. அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

இந்தக் கடற்கரை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. 1802இல் சென்னை மாகாணத்துக்கு வகுக்கப்பட்ட நீதிமன்ற ஏற்பாட்டில் குற்ற வழக்குகளுக்கு உச்சியில் இருந்தது ஃபௌஜ்தாரி அதாலத். ஊர் ஊராகச் செல்லும் சர்க்யூட் நீதிபதிகள் விசாரிப்பார்கள். பக்கத்தில் காஜியோ முப்தியோ அமர்ந்து, கம்பெனியின் ரெகுலேஷன்களால் திருத்தப்பட்ட இஸ்லாமியக் குற்றவியல் சட்டப்படி பத்வா கொடுப்பார். மரண தண்டனை என்றால் வழக்குக் கட்டு முழுவதும் சென்னைக்குப் போகும். ஃபௌஜ்தாரி அதாலத் உறுதி செய்யாமல் தூக்கு இல்லை. இன்றும் செஷன்ஸ் நீதிபதி மரண தண்டனை விதித்தால், குற்றவாளி அப்பீல் செய்தாலும் செய்யாவிட்டாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அதை நிறைவேற்ற முடியும். சட்டம் மாறியது, ஆட்சி மாறியது, 1862இல் உயர் நீதிமன்றமே புதிதாக வந்தது. அந்த ஒரு பாதுகாப்பு மட்டும் இருநூறு ஆண்டுகளாக விட்டுப் போகவில்லை.

இன்னொரு செய்தி நம் மாணவர்களுக்குப் பெருமை தரக்கூடியது. இங்கிலாந்தில் குற்ற வழக்குகளுக்கென்று அப்பீல் நீதிமன்றம் 1907இல்தான் அமைந்தது. 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் தஞ்சாவூரில் தண்டிக்கப்பட்ட குடியானவருக்கு, லண்டனில் தண்டிக்கப்பட்டவருக்கு இல்லாத வழி அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே திறந்திருந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு கதவையும் திறந்தது: விடுதலையை எதிர்த்து அரசே அப்பீல் செய்யலாம். குடிமக்களை அடக்கி ஆளும் நோக்கம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் ஏழைகள் பாதிக்கப்பட்ட பல வழக்குகளில் பிற்காலத்தில் நியாயத்துக்கு இருந்த ஒரே வழியும் அதுதான்.

நாகூரில் நின்று பேசும்போது எல்லையையும் நினைக்க வேண்டியிருக்கிறது. வாஞ்சூரைத் தாண்டினால் காரைக்கால். அங்கே பிரெஞ்சு ஆட்சி இருந்தவரை கடைசி முறையீடு பாரிஸில் இருந்த கசாசியோன் நீதிமன்றத்துக்கு. சட்டம் சரியாகப் பொருத்தப்பட்டதா என்று மட்டும் அது பார்க்கும். யார் சொன்னது உண்மை என்ற ஆராய்ச்சிக்குள் அது இறங்காது. எல்லைக்கு இந்தப் பக்கம் நிலைமை வேறு. நம் உயர் நீதிமன்றம் அப்பீலில் சட்டத்தையும் பார்க்கும், சங்கதிகளையும் பார்க்கும். ஒவ்வொரு சாட்சியின் வாக்குமூலத்தையும் முதலிலிருந்து படித்து, தானே நம்பலாம், தானே நம்ப மறுக்கலாம். 1962இல் காரைக்காலும் சென்னை உயர் நீதிமன்றத்தின்கீழ் வந்த பிறகு இந்த வித்தியாசம் மறைந்தது. இன்னொரு எல்லை 2004இல் உண்டாயிற்று: தஞ்சாவூர் மாவட்டத்து அப்பீல்கள் மதுரைக் கிளைக்குப் போகின்றன, நாகப்பட்டினமும் திருவாரூரும் சென்னைக்கே போகின்றன.

சங்கதிகளை மறுபடி எடைபோடும் இந்த அதிகாரத்துக்கு வரம்பு சொன்ன தீர்ப்புகளில் தலையாயது 1934இல் பிரிவி கவுன்சில் தந்த ஷியோ ஸ்வரூப் தீர்ப்பு. விடுதலையை எதிர்த்த அப்பீலிலும் உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் முழுமையானதே என்றது அது. ஆனால் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த அதிகாரத்தைத் தொட வேண்டும்: சாட்சிகளை நம்புவது பற்றி விசாரணை நீதிபதி கொண்ட கருத்து, குற்றமற்றவர் என்ற அனுமானம், சந்தேகத்தின் பலன், சாட்சியை நேரில் பார்த்த நீதிபதியின் முடிவை மாற்றுவதில் மேல்கோர்ட் காட்ட வேண்டிய தயக்கம். 2007இல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே மீண்டும் விளக்கியது.

கடைசியாகச் சொன்ன அந்தத் தயக்கத்தை நம் சட்ட உலகம் ஒரு பக்கமாகவே பயன்படுத்தி வந்திருக்கிறது. விசாரணை நீதிபதி விடுதலை செய்தால், அவர் சாட்சியை நேரில் பார்த்தவர், மாற்ற வேண்டாம் என்கிறோம். தண்டித்தால், அவர் சாட்சியை நேரில் பார்த்தவர் என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதில் ஒரு மயிரிழையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் சந்தேகம் கட்டிலுள்ள சாட்சியத்திலிருந்து பிறக்க வேண்டும். வெண்மணி வழக்கில் சாட்சிகளைக் கூண்டில் பார்த்தவர் நாகப்பட்டினத்து நீதிபதி. அவர் நம்பினார். சென்னையில் படித்தவர்கள் நம்பவில்லை. நம்பாததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, எந்தச் சாட்சியும் சொல்லாத, எந்த ஆவணமும் காட்டாத, மிராசுதார்களின் குணம் பற்றிய ஓர் எண்ணம். மிராசுதார் என்பதற்காக ஒருவரைத் தண்டிக்கவும் கூடாது, விடவும் கூடாது. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சாட்சியைப் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று பாருங்கள். இரவில் நடந்த சம்பவம் ஒன்றில், ஒரு நடவு நட்ட அம்மாள் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவர் கையை நீட்டி, “இந்தா, இங்கேருந்து அந்த வாசப்படி வரைக்கும்” என்கிறார். கோர்ட்டில் இருக்கும் எல்லோருக்கும் அது பதினைந்து அடி என்று தெரியும். பதிவாவது என்ன? ‘சாட்சி கையால் காட்டிய தூரம்’ என்றோ, ‘அருகிலிருந்து பார்த்தேன்’ என்றோ ஒரு வரி. அந்தக் கோர்ட் ஹாலின் வாசற்படி எங்கே இருக்கிறது என்பது உயர் நீதிமன்றத்துக்குத் தெரியாது. வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்றால், ‘அந்த லைட்டுதான்’ என்பார். எந்த லைட்? கம்பத்திலா, திண்ணையிலா? அப்பீலில் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் எழுந்து, இருட்டில், தூரம் தெரியாத இடத்திலிருந்து, எப்படி அடையாளம் கண்டார் என்பார். கட்டில் பதில் இருக்காது. அனுபவமுள்ள அரசு வழக்குரைஞர் அந்த இடத்திலேயே எழுந்து, “சாட்சி காட்டும் தூரம் சுமார் 15 அடி என்று பதிவு செய்யுங்கள் ஐயா” என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வரியில் மூன்று ஆண்டு கழித்து ஒரு தீர்ப்பு நிற்கும், அல்லது விழும். தலைமடையில் பாயாத தண்ணீர் கடைமடைக்கு வராது என்பதை இந்த மாவட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு, சாட்சி சொல்லும்போது அவர் நடந்துகொண்ட விதம் பற்றி முக்கியமாகத் தோன்றியதை நீதிபதி எழுதி வைக்க வேண்டும் என்றது. அழுதாரா, தடுமாறினாரா, குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்த்ததும் பேச்சு நின்றதா, எழுதலாம். மேல்கோர்ட்டுக்குப் போகும் கட்டுகளில் அப்படி ஒரு குறிப்பு காணக் கிடைப்பது அரிது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மேல்கோர்ட்டின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஒருவர்கூட மீதியில்லை. தடா சட்டத்தில் உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் இல்லை. நேரே உச்ச நீதிமன்றம். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் கட்டை முழுவதும் படித்து, நான்கு பேருக்கு மட்டும் மரண தண்டனையை உறுதி செய்தது. மூன்று பேருக்கு ஆயுள். மற்ற 19 பேரும் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டு வெளியே வந்தார்கள். சங்கதிகளுக்குள் இறங்கும் அதிகாரம் மேலே இல்லாதிருந்தால் அந்த 19 பேர் என்னவாகியிருப்பார்கள்? நான் கேட்பது, அதே பொறுமையும் அதே வரிக்குவரிப் படிப்பும் வெண்மணித் தாய்மாரின் சாட்சியத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பதே.

அடுத்து, யார் அப்பீல் செய்யலாம் என்ற விஷயம். 1973இல் வெண்மணி மக்களுக்குச் சட்டத்தில் ஓர் இடமும் இல்லை. வழக்கு அரசுடையது, அவர்கள் சாட்சிகள் மட்டுமே. அரசியல் சாசனத்தின் 136ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்திடம் சிறப்பு அனுமதி கேட்கத் தனி மனிதருக்கு வழி உண்டு என்பதைத் தீர்க்கமாக நிலைநாட்டியதும் ஒரு தமிழ்நாட்டு வழக்குதான். கொலையுண்டவரின் சகோதரர், உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததை எதிர்த்துத் தாமே உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் வென்றார். தனியாள் இப்படி வரலாமா என்று எதிர்த்தரப்பு மறுபடி வழக்குத் தொடுக்க, 1980இல் சதானந்தம் வழக்கில் அரசியல் சாசன அமர்வு வரலாம் என்றது. அதே 1980இன் டிசம்பரில்தான் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். கோர்ட்டில் முடியாத கணக்கை வெளியில் முடிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அப்பீலின் மீது நம்பிக்கை போனால் ஒரு ஊர் எந்த இடத்துக்குத் தள்ளப்படும் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

பாதிக்கப்பட்டவருக்குத் தன் பெயரிலேயே அப்பீல் உரிமை கிடைத்தது 2009ஆம் ஆண்டின் கடைசி நாளில். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372ஆம் பிரிவில் சேர்த்த ஒரு காப்புரை அது. விடுதலையை எதிர்க்கலாம், குறைந்த குற்றத்துக்குத் தண்டித்ததை எதிர்க்கலாம், இழப்பீடு போதாது என்று கேட்கலாம். தண்டனை போதாது என்று மட்டும் கேட்க முடியாது. அது அரசுக்கே உரியது. அதாவது 44 உயிருக்குப் பத்து ஆண்டா என்ற அந்தக் கேள்வியை இன்றும் பாதிக்கப்பட்ட குடும்பம் அப்பீலாகக் கொண்டுபோக வழியில்லை. இது திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2018இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில், விடுதலையை எதிர்த்து அப்பீல் செய்ய உயர் நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. உயர் நீதிமன்றமே அப்பீலில் விடுதலை செய்தால் அதற்கு மேலே இன்றும் 136தான் வழி. ஆனால் அந்த அப்பீல் உயர் நீதிமன்றத்தில் நடக்கும்போது எங்களையும் கேளுங்கள் என்று பாதிக்கப்பட்டவர் எழுந்து நிற்கலாம். வழக்கின் எந்தக் கட்டத்திலும் அவருக்கு அந்த உரிமை உண்டு என்று 2022இல் லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சாட்சியே கெட்டுப்போன வழக்கில் மேல்கோர்ட் என்ன செய்யும்? வதோதராவின் பெஸ்ட் பேக்கரி வழக்கில் 2003இல் 21 பேரும் விடுதலையானார்கள். முக்கியச் சாட்சிகள் பிறழ்ந்திருந்தார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. 2004இல் உச்ச நீதிமன்றம், அப்பீலில் கூடுதல் சாட்சியம் எடுக்கும் அதிகாரம் 391ஆம் பிரிவில் இருந்தும் அதைப் பயன்படுத்தத் தவறியதைக் கண்டித்து, மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2006இல் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர். 2012இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களில் ஐந்து பேரை விடுவித்து நான்கு பேரின் தண்டனையை உறுதி செய்தது. மேல்கோர்ட் கட்டை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இங்கே வந்திருக்கும் பொதுமக்களுக்காகச் சில நடைமுறைச் செய்திகள். 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. எண்கள் மாறியுள்ளன, அப்பீல் வழி பெரும்பாலும் பழையதே. மாஜிஸ்திரேட் தண்டித்தால் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு. செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கு. செஷன்ஸுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், மரண தண்டனை என்றால் 30 நாள். காலம் கடந்தால் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்; அதனால் நாள் போய்விட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாக, உடனே தரப்பட வேண்டும். திருச்சியிலோ கடலூரிலோ மத்திய சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே அப்பீல் அனுப்பலாம். வக்கீல் வைக்க முடியாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தரும். 1978இல் ஹாஸ்கட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இந்த இரண்டையும், நகலையும் வக்கீலையும், கைதியின் உரிமையாக்கினார். வக்கீல் வரவில்லை என்பதற்காக அப்பீலைத் தள்ளுபடி செய்யக் கூடாது, கட்டைப் படித்தே முடிவு சொல்ல வேண்டும் என்பது 1996இன் பானி சிங் தீர்ப்பு.

தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடுவதுதான் நடைமுறையில் பெரிய சிக்கல். அப்பீலை நியாயமான காலத்தில் கேட்க முடியாத நீதிமன்றம், ஆளை உள்ளே வைத்திருக்கத் தக்க காரணம் இல்லாவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்று 1977இல் காஷ்மீரா சிங் வழக்கில் சொல்லப்பட்டது. ஆனால் மனுப் போட ஆள் இருந்தால்தானே நிறுத்திவைப்பு? சிறையிலிருந்து தானே அப்பீல் அனுப்பிய கூலித் தொழிலாளி ஜாமீனும் இல்லாமல் காத்திருப்பார். அப்பீல் ஜெயிக்கும்போது தண்டனையின் பெரும்பகுதியை அனுபவித்து முடித்திருப்பார். அவருக்கு அந்த வெற்றியால் என்ன கிடைக்கும்?

கடைசியாக, இங்குள்ள வழக்குரைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். 2009 திருத்தத்திலிருந்தே, குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் முன்னிலையில் சாட்சியத்தை ஒலி-ஒளியாகப் பதிவு செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. புதிய சட்டம் அந்த வழியை இன்னும் அகலமாக்கியிருக்கிறது. மேல்கோர்ட் சாட்சியைப் பார்க்கவே முடியாது என்ற நூற்றைம்பது ஆண்டுக் குறை இதனால் தீரக்கூடியது. ஆபத்தும் இருக்கிறது: பயந்து நடுங்கும் ஏழைச் சாட்சி திரையில் பொய்யராகத் தெரியலாம், பழகிய பொய்யர் தெளிவாகப் பேசுவார். அதனால் எழுத்துப் பதிவுக்குத் துணையாக மட்டும் இருக்கட்டும். குறைந்தபட்சம், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளிலும் கொலை வழக்குகளிலும் நேரில் பார்த்த சாட்சிகளின் முதல் விசாரணையையும் குறுக்கு விசாரணையையும் பதிவு செய்யக் கோரி நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குதோறும் மனுப் போடுங்கள். தள்ளுபடியானால் அந்த உத்தரவின் நகலை வாங்கி உயர் நீதிமன்றத்துக்கு வாருங்கள். கட்டணம் வாங்காமல் அந்த மனுக்களை நடத்தித் தர நான் இருக்கிறேன்.